பாட்டியின் கல்யாணப் படத்துக்கு நிறம் கொடுக்க உதவி வேண்டும்

காவிரிக்கரை:
வணக்கம். எங்கள் தாத்தா பாட்டி கல்யாணப் படம், 1957-ல் கும்பகோணத்தில் எடுத்தது. அதை ஸ்கேன் செய்து கிம்ப் மென்பொருளில் நிறம் கொடுக்க முயற்சி செய்கிறேன். தூரிகையில் சிவப்பை எடுத்துப் பூசினாலும் சாம்பலாகத்தான் விழுகிறது. அப்புறம், தானாக நிறம் போடும் ஒரு தளத்தில் ஏற்றிப் பார்த்தேன். புடவை மங்கிய பழுப்பாக வந்தது. அதைவிட மனசு கஷ்டப்பட்டது முகத்தைப் பார்த்துத்தான். பாட்டி நல்ல கறுப்பு. படத்தில் யாரோ சிவந்த பெண் உட்கார்ந்திருக்கிறாள். ஐப்பசியில் தாத்தாவுக்குத் தொண்ணூறு வயது. அவருக்குச் சொல்லாமல் செய்து, சட்டம் போட்டுக் கொடுக்க ஆசை. பாட்டி இப்போது இல்லை.

இரவுக்குருவி:
கோப்பு கிரேஸ்கேலில் (கறுப்பு, வெள்ளை, சாம்பல் மட்டும் உள்ள முறை) இருக்கிறது, அதனால்தான் நிறம் ஏறவில்லை. இமேஜ் மெனுவில் மோட் என்பதை ஆர்ஜிபி (வண்ணம் ஏற்கும் முறை) ஆக்குங்கள். பிறகு புது லேயர் (படத்துக்கு மேல் கண்ணாடித் தாள் மாதிரி ஓர் அடுக்கு) திறந்து அதன் மோடை 'எச்எஸ்எல் கலர்' என்று வையுங்கள் (போட்டோஷாப்பில் வெறும் 'கலர்'). வெளிச்சமும் நிழலும் கீழே உள்ள படத்திலிருந்து வரும், நிறம் மட்டும் நீங்கள் பூசுவது. முகம், புடவை, ரவிக்கை, வேட்டி எல்லாவற்றுக்கும் தனித்தனி லேயர் வைத்தால் பின்னால் மாற்றுவது சுலபம்.

பழைய ஸ்டுடியோ:
அம்மா, என் அப்பா தஞ்சாவூரில் ஸ்டுடியோ வைத்திருந்தார். படங்களுக்குக் கையால் வண்ணம் பூசிய தலைமுறை. ஆர்டர் எடுக்கும்போதே புடவை என்ன நிறம், கரை என்ன நிறம் என்று கேட்டுப் படத்தின் பின்பக்கம் பென்சிலில் குறித்துக்கொள்வார். உங்கள் படத்தின் பின்பக்கத்தையும் பாருங்கள்.

கேட்டுத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் சாம்பலிலிருந்து நிறத்தை மீட்க முடியாது. அரக்கும் கரும்பச்சையும் ஒரே சாம்பலாக விழலாம். அந்தக் காலத்தில் இரண்டு வகை பிலிம் புழங்கியது. ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம் சிவப்பை உணராது. குங்குமமும் அரக்குப் புடவையும் அதில் கறுப்பாகப் பதியும், நீலம் வெளுத்துவிடும். பான்குரோமாட்டிக் எல்லா நிறத்தையும் உணரும். உங்கள் தளம் செய்தது ஊகம். ஏராளமான வண்ணப் படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள் அது. புடவை எந்த நிறத்திலும் இருக்கலாம் என்பதால், எல்லாவற்றுக்கும் நடுவாக ஒரு பழுப்பில் போய் நிற்கிறது.

முகத்துக்கு வருகிறேன். நெகட்டிவிலேயே முகத்தின்மேல் பென்சிலால் டச்சிங் (திருத்தி அழகுபடுத்துவது) செய்வது அன்றைக்கு வழக்கம். பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுத்து வரும். பாட்டியை ஸ்டுடியோக்காரரே ஒரு முறை வெளுக்க வைத்திருக்கலாம். அதனால் நிறம் பூசுவதற்கு முன்னால் 'கர்வ்ஸ்' (வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கொண்டு முகத்தை மட்டும் கொஞ்சம் இருட்டாக்குங்கள். பிறகு ஒரே பழுப்பை அப்பாதீர்கள். நெற்றியில் லேசான மஞ்சள், கன்னத்திலும் மூக்கு நுனியிலும் செம்மை, தாடைக்குக் கீழே அடர்பழுப்பு. அவர் எந்த நிறமோ அந்த நிறத்தில்தான் தாத்தா பார்க்க வேண்டும்.

தாத்தாவிடம் சொல்லாமல் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் புடவையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

காவிரிக்கரை:
ஐயா, கேட்டேன். யோசிக்கவே இல்லை. "அரக்கு, பச்சைக் கரை, கூறைநாட்டிலிருந்து எடுத்தது" என்றார் (கூறைப் புடவைக்குப் பேர்போன ஊர்). கேட்டதோடு நிற்கவில்லை, சாயங்காலம் முழுக்கக் கல்யாணக் கதைதான். மன்னார்குடியில் இருக்கும் சின்னப் பாட்டியிடம் அந்த ரவிக்கை இருக்கிறதாம், பச்சை. ஆனால் படத்தில் புடவை மை மாதிரி இருக்கிறது. எச்எஸ்எல் கலரில் அரக்கு பூசினால் ஒன்றும் தெரியவில்லை.

பழைய ஸ்டுடியோ:
படத்தில் புடவையின் உடல் பகுதி கறுப்பு, கரை அதைவிட வெளிர் என்றால் தாத்தா சொன்னதோடு பொருந்துகிறது. அநேகமாக ஆர்த்தோ பிலிம். கலர் மோட் வெளிச்ச அளவைத் தொடாது, அதனால் முழுக் கறுப்பிலும் முழு வெள்ளையிலும் நிறம் நிற்காது. புடவைப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, கர்வ்ஸில் கொஞ்சம் தூக்கிவிட்டு, அதற்கு மேல் அரக்கைப் பூசுங்கள். ரொம்பத் தூக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரியும். 8 பிட் ஸ்கேன் என்றால் 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாக மறுபடி எடுத்துவிடுங்கள், சாம்பலின் படிகள் அதில் அதிகம்.

ஜரிகையில் மினுங்கும் இடத்தை வெள்ளையாகவே விடுங்கள். அதைச் சுற்றியுள்ள நடுச் சாம்பலில் மட்டும் பழுப்பு கலந்த மஞ்சள். முழுக்க மஞ்சளாக்கினால் காகிதம் ஒட்டியதுபோல ஆகிவிடும். சின்னப் பாட்டி ரவிக்கையைக் காட்டினால் உள்தையல் மடிப்பைப் பிரித்துப் பார்த்து நிறம் எடுங்கள். வெளிப்பக்கம் இத்தனை வருஷத்தில் வெளுத்திருக்கும்.

இரவுக்குருவி:
ரவிக்கையைப் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள், டியூப் லைட்டில் பச்சை மாறிவிடும். பிரிண்டுக்கு மேட் தாள் போதும். கறுப்பு வெள்ளை ஸ்கேனைத் தனிக் கோப்பாக வைத்துக்கொண்டு, வேலையை எக்ஸ்சிஎஃப் (கிம்ப்பின் சொந்தக் கோப்பு வகை, XCF) ஆகச் சேமியுங்கள், லேயர் கலையாமல் இருக்கும்.