பனி விழும் முன் பூக்கும் ஆஸ்டர்

ஒக்டோபர் இரண்டாம் வாரம். கனடாவில், ஸ்காபரோவிலுள்ள எங்கள் பின்வளவில் தக்காளி கருகிவிட்டது, கத்தரியும் முடிந்துவிட்டது. வேலியோரத்து நியூ இங்கிலாந்து ஆஸ்டர் மட்டும் இலை தெரியாமல் ஊதாவாகப் பூத்து நிற்கிறது. பெயரில் அமெரிக்கப் பகுதி ஒன்று இருந்தாலும் இது ஒன்ராறியோ மண்ணுக்கும் சொந்தமான செடி. தெருவோரப் பள்ளங்களில் தானாகவே முளைத்து நிற்கும்.

நான் விதை போட்டுத்தான் வளர்த்தேன். இந்த விதை குளிர்பட்டால்தான் நன்றாக முளைக்கும். ஜனவரியில் ஒரு பெட்டியில் மண் நிரப்பி, விதையை மேலாகத் தூவிப் பனியிலேயே வைத்துவிட்டேன். ஏப்ரல் கடைசியில் முளை கண்டது.

இரண்டாம் ஆண்டு என் தோளுயரம் வளர்ந்தது. செப்டெம்பரில் ஒரே இரவு மழை; மொட்டும் தானுமாக முழுச்செடியும் சாய்ந்து, பாதித் தண்டுகள் முறிந்து கிடந்தன. அன்று சாப்பாடே இறங்கவில்லை. "ஜூன் நடுவில் பாதிக்கு வெட்டிவிடு தம்பி, பயப்படாதே" என்றார் அடுத்த வீட்டு அன்ரி. மறு ஆண்டு நடுங்கிக்கொண்டேதான் வெட்டினேன். இடுப்பளவில் கிளைத்துப் புதராக நின்றது, கயிறே தேவைப்படவில்லை. அடியிலைகள் காய்ந்து பழுப்பாவது இதன் இயல்பு. முன்னால் குட்டையாக ஏதாவது நட்டால் மறைந்துவிடும்.

போன சனிக்கிழமை காலை பார்த்த காட்சிக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு பூவின் அடியில் பம்பிள்பீ என்ற பருத்த, ரோமம் நிறைந்த தேனீ ஒன்று அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. முதுகு ரோமமெல்லாம் பனித்துளி. செத்துவிட்டது என்றே நினைத்தேன். வெயில் வேலியைத் தாண்டி வந்ததும் ஒரு கால் மெல்ல நீண்டது. தேநீர் குடித்து முடிப்பதற்குள், நடுவிலிருக்கும் மஞ்சள் வட்டத்தில் ஏறிச் சுற்றிச்சுற்றி உறிஞ்சத் தொடங்கிவிட்டது. கூட்டுக்குத் திரும்பாத ஆண் பம்பிள்பீக்கள் இப்படிப் பூவிலேயே இரவைக் கழிக்கும். அவற்றுக்குக் குளிர்காலம் கிடையாது. புதிய ராணிகள் மட்டும் மண்ணுக்குள் உறங்கி வசந்தத்தில் எழும்பும். அதற்கு அவை இப்போதே வயிறு நிரப்ப வேண்டும். மெக்சிகோ வரை பறக்கும் மொனாக் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் வழியில் தேன் தரும் பூக்களில் இதுவும் ஒன்று.

ஓகஸ்டில் களை போலத்தான் தெரியும். தயவுசெய்து அப்போது பிடுங்கிவிடாதீர்கள். பூத்து ஓய்ந்த தண்டையும் வசந்தம் வரை விட்டுவையுங்கள், விதை தின்னக் குருவிகள் வரும்.

நவம்பரில் விதை முற்றிவிடும். வேண்டியவர்கள் சொல்லுங்கள், உறையில் போட்டுத் தருகிறேன்.