பால் பாக்கெட் இல்லாம கார்மிஷ்ல மாட்டின கதை

கார்மிஷ் பார்ட்டன்கிர்ஷன், ஜெர்மனியோட தெக்கால பவேரியா மாநிலத்துல இருக்கற மலை ஊர். அங்க போனவங்க எல்லாரும் சுக்ஸ்பிட்ச மலையில இருந்துதான் கதைய ஆரம்பிப்பாங்க, நான் பால் பாக்கெட்ல இருந்து ஆரம்பிக்கிறேன். நாங்க இருக்கறது ஃப்ராங்க்பர்ட்ல, அப்பா அம்மா தஞ்சாவூர்ல இருந்து வந்திருந்தாங்க, பொண்ணுக்கும் ஸ்கூல் லீவு, சரின்னு ஜனவரி 5 சாயங்காலம் முனிச் வழியா ட்ரெய்ன்ல போய் எறங்கினோம். காலையில கடைக்குப் போனா எல்லாம் பூட்டு. 6ஆம் தேதி மூணு ராஜாக்கள் திருநாளாம், குழந்தை இயேசுவ பாக்க வந்தாங்களே, அந்த ராஜாக்கள். பவேரியால லீவு, ஃப்ராங்க்பர்ட் இருக்கற எங்க ஹெஸ்ஸன் மாநிலத்துல கிடையாது, இத்தனை வருஷம் இந்த நாட்டுல இருந்தும் எனக்கு அது உறைக்கவே இல்ல. எங்கம்மாவுக்கு காபி இல்லாம பொழுதே விடியாது.

கீழ் வீட்டுல ஹவுஸ் ஓனர் பாட்டி, எழுபது வயசு இருக்கும். அவங்க பேசற பவேரியன், என் வீட்டுக்காரரோட ஆபீஸ் ஜெர்மனுக்கு பாதிதான் புரிஞ்சுது, ஆனா காலி டம்ளர காட்டினதும் பாட்டிக்கு புரிஞ்சுருச்சு, ஒரு லிட்டர் பால எடுத்து கையில குடுத்துட்டாங்க. அங்க ஹலோ எல்லாம் இல்ல, "க்ரூஸ் காட்"தான். அதுல கடவுள் பேர் இருக்குன்னு சொன்னதும் அம்மா, அப்ப நம்ம ஊர் "ராம் ராம்" மாதிரி, வணக்கத்துலயே சாமின்னு சொல்லி அன்னைக்கு முழுக்க ரோட்ல போற வர்றவங்களுக்கெல்லாம் க்ரூஸ் காட் போட்டாங்க.

காபி குடிச்சிட்டு இருக்கும்போதே பாட்டி மாடிப்படியில நின்னு கூப்பிட்டாங்க. வாசல்ல மூணு பசங்க, வெல்வெட் போர்வை, காகித கிரீடம், ஒருத்தன் கையில குச்சியில சொருகின நட்சத்திரம், இன்னொருத்தன் கையில தூபக்கால், அப்படியே நம்ம சாம்பிராணி வாசனை. பாடி முடிச்சுட்டு கதவு நிலையில சாக்பீஸால எழுதினாங்க, நடுவுல சி, எம், பி, ரெண்டு பக்கமும் வருஷத்த பாதி பாதியா ஒடச்சு. கிறிஸ்து இந்த வீட்ட ஆசீர்வதிக்கட்டும்னு லத்தீன்ல அர்த்தமாம், மூணு ராஜாவோட பேர்னும் சொல்றாங்க. உண்டியல்ல போடற காசு பல நாட்டு ஏழைக் குழந்தைங்களுக்குப் போகுது, 1959ல இருந்து இப்படித்தான் வசூல். அம்மா ஒரே வரியில முடிச்சுட்டாங்க: "மார்கழி பஜனை கோஷ்டிதாண்டி இது, பொங்கலுக்குப் பதிலா சாக்லேட்." சொல்லிட்டு ஆளுக்கு ரெண்டு முறுக்கு குடுத்தாங்க, நட்சத்திரக்காரன் அங்கயே கடிச்சுட்டான்.

மறுநாள் சுக்ஸ்பிட்ச. 2962 மீட்டர், ஜெர்மனியிலயே உசரமான எடம். எங்கப்பா பொதுப்பணித்துறை ரிட்டயர்டு, ஐப்ஸே ஏரிக்கரையில கேபிள் கார் ஏறினதுல இருந்து அவர் மலைய பாக்கவே இல்ல, 127 மீட்டர் ஒத்தத் தூண், அதுக்கப்புறம் மூணு கிலோமீட்டருக்கு மேல வெறும் கம்பி, அதையே பாத்துட்டு வந்தார். மேல குளிர்ல என் போன் அஞ்சே நிமிஷத்துல செத்துப்போச்சு, அதனால போட்டோ கேக்காதீங்க.

பார்ட்னாக் பள்ளத்தாக்குக்கு போறவங்க ஷூ விஷயத்துல ஏமாந்துடாதீங்க. பாறைய குடைஞ்ச ஒத்தையடிப் பாதை, மேல யானைத் தந்தம் மாதிரி ஐஸ் தொங்குது, காலுக்கு கீழயும் கண்ணாடி மாதிரி வழுக்கற ஐஸ். அம்மா போட்டிருந்தது கேன்வாஸ் ஷூ. பாட்டி முன்னாடியே ஷூ மேல இழுத்து மாட்டற ரப்பர் வலை ஒண்ணு குடுத்தனுப்பினாங்க, அடியில சின்னச் சின்ன ஆணி, நடந்தா நறுக் நறுக்னு சத்தம். எனக்கு அது இல்ல, ரெண்டு தடவ விழுந்தேன்.

கடைசி நாள் வெயில். வீட்டு சுவத்துல சாய்ச்சு வச்சிருந்த மரக்கம்ப அப்பா ஓரமா தள்ளி வச்சுட்டு, அங்க நின்னு தஞ்சாவூருக்கு போன் பேசிட்டு இருந்தார். பாட்டி ஜன்னல்ல இருந்து ஒரு கத்து கத்தினாங்க, ஒரு வார்த்த புரியல, ஆனா அந்த கத்துக்கே அப்பா நகந்துட்டார். அடுத்த நிமிஷம் கூரையில இருந்த பனி மொத்தமும் திபுதிபுன்னு அதே எடத்துல விழுந்துச்சு. பனி சரியும், இங்க நிக்காதன்னு சொல்றதுக்குத்தான் அந்தக் கம்பே.

ஃப்ராங்க்பர்ட்ல பொட்டு பனி இல்ல. இருந்தாலும் அப்பா பஸ் ஸ்டாப்ல நிக்கறதுக்கு முன்னாடி மேல ஒரு தடவ பாத்துட்டுதான் நின்னார்.