சொந்தமாக ஒரு பழைய போர் விமானம் கிடைத்தால் எதை எடுப்பீர்கள்?

வெண்ணாற்றங்கரை:
தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துச் சுகோய் போர் விமானம் தலைக்கு மேல் போனால் சாப்பாட்டை விட்டு வாசலுக்கு ஓடுகிற ஆள் நான். காசு, லைசென்ஸ் எல்லாம் மறந்துவிட்டுச் சொல்லுங்கள், ஓட்டுவதற்கு எது? என் ஓட்டு இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர் விமானம் ஸ்பிட்ஃபயருக்கு. 27 லிட்டர் மெர்லின் என்ஜின், 12 சிலிண்டர், அந்தச் சத்தம் போதும்.

கொள்ளிடத்தான்:
ஆசை சரி அண்ணே. ஆனால் தரையில் ஓட்டும்போது அதன் நீள மூக்கு முன்னால் எதையும் காட்டாது, பாம்பு மாதிரி வளைந்து வளைந்துதான் போக வேண்டும், நம்ம ஊர் சித்திரை வெயிலில் கொஞ்சம் நிறுத்தி வைத்தால் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கொதித்துவிடும். போர் விமானம் இல்லை என்றாலும், எனக்கு டைகர் மாத் என்கிற பழைய பயிற்சி விமானம் போதும். 1931இல் முதலில் பறந்தது, 130 குதிரைத்திறன், துணி போர்த்திய இறக்கை, புரொப்பெல்லரைக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பிரேக் கிடையாது, வால் கட்டை புல்லைக் கீறிக்கொண்டே நிற்கும். உளுந்து எடுத்த வயலில் இறக்கிவிடலாம்.

மன்னார்குடி மாப்பிள்ளை:
வரப்பை யார் வெட்டுவது? பக்கத்து வயல்காரர் சும்மா விடுவாரா?
என் தேர்வு நாட். 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் ஜெட்டை வீழ்த்திய நம்ம விமானப்படையின் குட்டி ஜெட், இறக்கை முனைக்கு முனை 7 மீட்டர்கூட இல்லை, எங்கள் அறுவடை மெஷின் கொட்டகையிலேயே நிறுத்திவிடுவேன்.

வெண்ணாற்றங்கரை:
கொட்டகை சரி, ரன்வே?

மன்னார்குடி மாப்பிள்ளை:
அதற்குத்தான் உங்கள் ஊர்த் தளம் இருக்கிறதே, கேட்டுச் சொல்லுங்கள் :)