மிக்சியில் ஒரு ஜார் குறைகிறது, ரிட்டர்ன் எடுக்க மறுக்கிறார்கள்

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய மிக்சியில் சட்னி ஜாரே இல்லை, பெரிய ஜாரின் பிடியில் விரிசல் வேறு. கேட்டால் ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டதாம். என்ன செய்யலாம்?

பதில்: பெட்டி, லேபிள், பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். சாட்டில் மல்லுக்கட்டாமல் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு போட்டோவோடு மெயில் அனுப்புங்கள். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்த்தாக வேண்டும். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லவே முடியாது.

பதில்: அப்புறம் 1915-க்குப் போன் போடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், இலவசம்.

கேட்டவர்: சரி, அதற்கும் மசியாவிட்டால்? கம்பெனி பெங்களூரில் இருக்கிறது.

பதில்: இருக்கட்டுமே! 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், வக்கீல் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் கிடையாது.