அனீலிங்: பதனாற்றலா, சூட்டுப்பதமா?

மடல் 1
எரிபொருள் மின்கலப் பாடநூலின் நான்காம் இயல் வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. "அனீலிங்" (annealing) என்பதற்கு மட்டும் தமிழ்ச் சொல் முடிவாகாமல் நிற்கிறது. கரைசலிலிருந்து வார்த்த நாஃபியான் (புரோட்டான் கடத்தும் பலபடி) சவ்வை வெறுமனே உலர்த்தி எடுத்தால் வெடிப்புவிடும், நொறுங்கும், ஆல்ககால் கலந்த நீரில் மறுபடி கரைந்தும் போகும். 120 முதல் 140 பாகை செல்சியசில் வைத்திருந்தால்தான் பலபடிச் சங்கிலிகள் நகர்ந்து அடுக்காகி, படிகப் பகுதிகள் வளர்ந்து வலுவேறும். இதற்கு என்ன சொல்? "உலர்த்தல்" அடுத்த பத்தியில் வேறு பொருளில் வருகிறது.

மடல் 2
பதனாற்றல் என்று இடுங்கள் அம்மா. அறம் அறன் ஆவதுபோல் பதம் பதன் ஆகும், கடைப்போலி. சொல்லைக் குறிக்கும் வடமொழிப் பதம் வேறு, இது பக்குவம். பதநீரில் இருப்பதும் இதுவே. ஆற்றுதல் சூடு தணித்தல். காய்ச்சிய இரும்பை மெல்ல ஆறவிடுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

மடல் 3
இரும்புக்குச் சரி ஐயா. உலோகம் அனீலிங்கில் இளகும்; இந்தச் சவ்வோ இறுகும். ஆறவிடுவதும் இங்கே முதன்மையன்று, எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வைத்தோம் என்பதே கணக்கு. அதோடு மின்கலப் பாடம் முழுக்க "ஆற்றல்" என்ற சொல். "பதனாற்றலால் கடத்துதிறன் குறைந்தது" என்று படிப்பவர் அதையும் ஒருவகை ஆற்றல் என்றே கொள்வார்.

சூட்டுப்பதம் என்கிறேன். பதம் என்றால் மிஞ்சக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. நாஃபியான் 117 என்ற வகைச் சவ்வைக் கொதிநீரில் ஊறவைத்தால் அதிலுள்ள ஒரு சல்ஃபானிக் அமிலத் தொகுதிக்கு ஏறத்தாழ 22 நீர் மூலக்கூறுகள் சேரும். அதையே 105 பாகையில் முற்றாக உலர்த்தி, அறைவெப்ப நீரில் இட்டால் 12 அளவில் நின்றுவிடும். புரோட்டான் போவது நீர்வழியே. நீர் குறைந்தால் கடத்துதிறனும் இறங்கும். மறுபடி கொதிக்கவைத்தால் நீர் பெருமளவு திரும்பும், ஆனால் சூட்டுப்பதத்தில் வளர்ந்த படிகப் பகுதிகள் குலையா. உலர்த்தலும் சூட்டுப்பதமும் வேறு என்று மாணவருக்குக் காட்ட இந்த ஓரிடம் போதும்.

மடல் 4
சூட்டுப்பதம் பெயர்ச்சொல்லாக நிற்கும். வினைக்கு? "சூட்டுப்பதம் செய்யப்பட்ட சவ்வு" வாயில் புரளவில்லை. ஆய்வகத்தில் எல்லாரும் அனீல் செய்வதாகத்தான் சொல்கிறோம், அப்படியே எழுதினால் என்ன? இன்னொன்று: சவ்வைப் "படலம்" ஆக்கிவிடாதீர்கள். வினையூக்கிப் பூச்சுக்குப் படலம் வேண்டும். சவ்வு ஒன்றை விட்டு ஒன்றைத் தடுக்கும். படலம் வெறுமனே படர்ந்திருக்கும்.

மடல் 2-இன் ஆசிரியர்
பொருள் மயங்குமென்றால் "பதனாற்றுகை" என்று விகுதி மாற்றலாமே. அயற்சொல்லை அப்படியே விட்டுவைக்க எனக்கு உடன்பாடில்லை.

மடல் 1-இன் ஆசிரியர்
சூட்டுப்பதம் பெயராக நிற்கும் என்று இருவர் சொல்கிறீர்கள், அதையே இடுகிறேன். வினை "சூட்டுப்பதமாக்கு". முதல் ஆட்சியில் மட்டும் அனீலிங் உடன்வரும். மின்முனைகளோடு சேர்த்து 130 பாகையில் ஓரிரு நிமிடம் அழுத்துவது "சூட்டழுத்தம்". அதுவும் சவ்வின் பதத்தை மாற்றும் என்று அடியில் ஒரு வரி சேர்க்கிறேன். சவ்வு சவ்வாகவே இருக்கும்.

மடல் 2-இன் ஆசிரியர்
என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் கண்ணாடியையும் எஃகையும் பற்றி எழுதும்போது ஆற்றாமல் என்ன செய்வீர்கள்?