வீட்டு ஷெட்டில் லோட்டஸ் செவன் வடிவக் கார்: ஜிப்ஸியா, பத்மினியா?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்):

அனைவருக்கும் வணக்கம். காலின் சாப்மன் 1957இல் கொண்டுவந்த லோட்டஸ் செவன் காரின் வடிவில் ஒரு வண்டியை, வீட்டை ஒட்டிய ஷெட்டில் நானே கட்ட வேண்டும் என்பது என் பல வருட ஆசை. இரும்புக் குழாய்களாலான கூடு, அதன்மேல் அலுமினியத் தகடு, மொத்தம் அரை டன் அளவே எடை என்று அது எளிமையாக இருப்பதால்தான் இந்தத் துணிச்சல். ஷெட் 18 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்டது. ஆர்க் வெல்டிங் ஓரளவு பழக்கம். உறுப்புகளுக்காக ஒரு 1.3 லிட்டர் மாருதி ஜிப்ஸி ஜீப்பும் ஒரு பிரீமியர் பத்மினியும் விலைக்கு வருகின்றன. இவற்றில் எதை வாங்கலாம்? மூக்குப் பகுதியையும் மட்கார்டுகளையும் ஃபைபரில் செய்வது வீட்டில் முடியுமா? புதுச்சேரியில் உறவினர் இருப்பதால், அங்கே பதிவு செய்வது எளிதாக இருக்குமா?

முத்தியால்பேட்டை (புதுச்சேரி):

வணக்கம் தம்பி. இதே வடிவில் ஒன்றைக் கட்டி முடித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஜிப்ஸியையே வாங்குங்கள். பத்மினியின் 1089 சிசி இன்ஜின் நல்லதுதான். ஆனால் அதன் பழைய மாடல்களில் கியர் கம்பி ஸ்டியரிங் தண்டில் இருக்கும், அதைத் தரைக்குக் கொண்டுவருவதே தனி வேலையாகிவிடும். ஜிப்ஸியில் கியர்பாக்ஸும், முன் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸும் தனித்தனியாக இருப்பதால், பின்னதைக் கழற்றிவிட்டு கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்கு நேராகத் தண்டு கொடுத்துவிடலாம். ஆனால் பின் அச்சின் டிஃபரன்ஷியல் (தண்டின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) நட்டநடுவில் இராமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும் என்பதால், அச்சைத் தரையில் வைத்து அளந்த பிறகே இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில், தண்டை மூடி வரும் சுரங்கத்தைத் தீர்மானியுங்கள். ஸ்டியரிங்குக்கு மாருதி 800இன் ரேக் (சக்கரங்களைத் திருப்பும் பல்கம்பி) போதும். அதன் உள் மூட்டுகள் முன் சக்கரத்தைக் கூட்டோடு இணைக்கும் கவை வடிவ விஷ்போனின் உள் மூட்டுகளோடு ஒரே கோட்டில் அமையவில்லையென்றால், பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் வண்டி தானாகவே திரும்பும்.

நீங்கள் கேட்காத, ஆனால் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். 25 மில்லிமீட்டர் சதுரக் குழாயில், 1.6 மில்லிமீட்டர் கனத்தில் நான் கட்டிய முதல் கூட்டை முழுவதும் வெட்டிப் போட வேண்டியதாயிற்று. ஒரு பக்கத்தை முழுக்கப் பற்றவைத்து முடித்த பிறகு மறுபக்கத்துக்குப் போனதுதான் நான் செய்த தவறு. மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்த்தபோது ஒரு குறுக்களவு மற்றதைவிட 11 மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தது; கூட்டை மேசையில் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்தினால் எதிர்மூலை எழும்பியது. ஆகவே முதலில் ரசமட்டம் பார்த்த ஒரு மேசையைச் செய்து, குழாய்களை அதன்மேல் கட்டைகளால் இறுக்கி, எல்லா மூட்டுகளுக்கும் பொட்டு (சிறு புள்ளிப் பற்றவைப்பு) மட்டும் வைத்து, குறுக்களவு இரண்டும் சமமான பிறகே இடமும் வலமும் மாற்றி மாற்றி முழுப் பற்றவைப்பைச் செய்யுங்கள். இவ்வளவு மெல்லிய குழாயை ஆர்க் எளிதில் ஓட்டை போட்டுவிடும். பொட்டு வைப்பதோடு நீங்கள் நிறுத்திக்கொண்டு, முழு மூட்டுகளை மிக் (வாயுக் காப்பில் கம்பி ஊட்டிப் பற்றவைக்கும் கருவி) வைத்திருக்கும் நல்ல வெல்டரிடம் விட்டுவிடலாம். உங்கள் உயிரைத் தாங்கப்போவது அந்த மூட்டுகள்தான்.

சட்டம் படித்தவன் (திருப்பாதிரிப்புலியூர்):

பதிவைப் பொறுத்தவரை நேராகச் சொல்லிவிடுகிறேன்: கடலூரானாலும் புதுச்சேரியானாலும் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஒன்றே. ஜிப்ஸியின் ஆர்.சி.யை வைத்துக்கொண்டு இதை ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உற்பத்தியாளர் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைப் பிரிவு 52 தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. புதிய வண்டியாகப் பதிவதற்கு, புனேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனத்தில் முன்மாதிரியை ஒப்புதலுக்கு விட வேண்டும். அது தனி ஒருவரின் செலவுக்குள் அடங்காது. 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கான 2021ஆம் ஆண்டின் விண்டேஜ் பதிவும் மூல வண்டிகளுக்கு மட்டுமே பொருந்தும். எனவே சொந்த நிலத்திலும், அனுமதி கிடைத்தால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திலும் ஓட்டுவதற்கான வண்டி என்று முடிவு செய்துகொண்டு தொடங்குங்கள். ஜிப்ஸியைப் பிரித்தவுடன் பிரிவு 55இன்படி அதன் பதிவை ரத்து செய்துவிடுவதும் அவசியம்.

முதுநகர் படகுக்காரர் (கடலூர்):

ஃபைபர் வேலைக்கு நீங்கள் வெளியூர் போக வேண்டியதில்லை தம்பி. சுனாமிக்குப் பிறகு இந்தத் துறைமுகத்தில் ஃபைபர் படகு செய்தும் பழுது பார்த்தும் கை தேர்ந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். மூக்குக்கு மாதிரி, அதிலிருந்து அச்சு, அச்சில் மெழுகு, ஜெல்கோட் எனும் மேற்பூச்சு, பிறகு ரெசினில் நனைத்த 450 கிராம் கண்ணாடியிழை மேட் இரண்டு அடுக்கு என்பதுதான் முறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்காதீர்கள், ஈரக்காற்றில் ரெசின் சரியாக இறுகாது. ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரையும், அந்த இறுகலை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் எக்காரணம் கொண்டும் நேரடியாகக் கலக்கக் கூடாது, வெடித்துவிடும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகே ஹார்டனரை ஊற்ற வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் ஹார்டனர் பாட்டிலைத் திறக்கவே திறக்காதீர்கள்.

இன்னொன்று, நம் உப்புக்காற்று. இரும்புக் கூட்டின்மேல் அலுமினியத் தகட்டை வெறுமனே ரிவெட் அடித்தால், இரண்டும் தொடும் இடத்தில் வெள்ளைப் பொடி பூத்துத் தகடு அரிக்கும். இடையில் சீலன்ட் பூசி அடியுங்கள். குழாய்களின் திறந்த முனைகளையும் அடைத்துவிடுங்கள். துரு உள்ளேயிருந்து வந்தால் வெளிப் பெயின்ட் அதைக் காட்டாது.

கெடிலக்கரை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதிவு கிடைக்காது என்பது வருத்தம்தான், ஆனாலும் கட்டத்தான் போகிறேன். பண்ருட்டிக்கு அருகில் எங்கள் முந்திரித் தோப்பில் ஓட்டிப் பார்க்க இடமிருக்கிறது. ஜிப்ஸிக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, இந்த ஞாயிறு மேசை வேலையைத் தொடங்குகிறேன். முத்தியால்பேட்டை அண்ணா, மேசையின் மேற்பலகைக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் போதுமா, அல்லது இரும்புச் சட்டம் அடித்து அதன்மேல் போட வேண்டுமா?

முத்தியால்பேட்டை:

இரும்புச் சட்டத்தின்மேல் போடுங்கள் தம்பி. வெறும் பிளைவுட் நம் ஊர் ஈரத்தில் ஒரு மழைக்காலத்துக்குள் வளைந்துவிடும், வளைந்த மேசையில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.