வாய்சிங்குக்குத் தமிழ்: சுரவைப்பா, நரம்பணியா?

சுங்கை சிப்புட்டிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். சனிக்கிழமை மின்னிசை வகுப்பின் கையேடு வியாழன் அச்சுக்குப் போகிறது. மாணவர்கள் படிவம் நான்கும் ஐந்தும். பாதிப்பேர் உறுமி மேளம் வாசிப்பவர்கள், தாளத்தில் கெட்டி, கோர்ட் (chord, ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்கள்) மட்டும் புதிது. ஜாஸ் கோர்டுகளைக் கணினியில் இட்டு ஹவுஸ் என்னும் மின்னிசை நடனப் பாட்டுக்குப் பயன்படுத்துவதுதான் பாடம். கோர்டுக்குச் 'சுரக்கூட்டு' என்று இங்கே முன்பே ஒப்புக்கொண்டோம். இப்போது முட்டுவது வாய்சிங்.

ஒரு கூட்டின் சுரங்களில் எதை வைப்பது, எதை விடுவது, எதை மேலே, எதைக் கீழே, எந்த ஸ்தாயியில் என்ற முடிவுக்குப் பெயர் வேண்டும். கையேட்டின் எடுத்துக்காட்டு இது (எண்கள் கணினியின் மிடி சுர எண்கள், ஒன்று கூடினால் அரைச்சுரம் மேலே; நடு சி = 60):

டி மைனர் 9: 53, 57, 60, 64
ஜி 13: 53, 57, 59, 64
சி மேஜர் 9: 52, 55, 59, 62

மூன்றிலும் அடிச்சுரம், அதாவது கூட்டுக்குப் பெயர் தரும் சுரம், இல்லை. அது பேஸ் தடத்தில் 38, 31, 36 என்று தனியே போகிறது. முதல் மாற்றத்தில் 60 மட்டும் 59க்கு இறங்குகிறது. அடுத்ததில் 59 அசையாமல் நிற்க, மற்ற மூன்றும் ஓரடி இறங்குகின்றன. இந்த ஒழுக்கைப் பார்த்த உடனே புரிய வைக்கும் சொல் வேண்டும். என் கையிருப்பு 'குரலமைப்பு'.

ஈப்போவிலிருந்து:

தம்பி, குரலமைப்பு வேண்டாம். பழந்தமிழிசையில் சுரத்துக்கு நரம்பு என்று பெயர்; ஏழு நரம்புகளில் முதல் நரம்பின் பெயரே குரல். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் மாயவனைக் குரல் என்றும் பலதேவனை இளி என்றும் நிறுத்திப் பெண்கள் ஆடுகிறார்கள். நீங்கள் காட்டிய மூன்று கூட்டிலும் இல்லாதது அடிநரம்பு. அதை விட்டுவிட்ட அமைப்புக்குக் 'குரல்' அமைப்பு என்றால் சொல்லே பொருளுக்கு எதிராக நிற்கும்.

'சுரம்' என்பதையும் கைவிடலாம். காய்ச்சலும் சுரம், பாலை வழியும் சுரம். நரம்பு என்ற சொல் சங்கம் தொட்டு வருகிறது. என் பரிந்துரை: நரம்பணி. அணிவகுத்தல், அணிசெய்தல் இரண்டும் அதில் உண்டு.

கிள்ளானிலிருந்து:

ஐயா, நரம்பு என்றால் மாணவர் கையைத்தான் பார்ப்பார்கள். அணி என்றால் காற்பந்து அணி. நான் ஸ்டூடியோவில் அன்றாடம் பேசுவது 'வாய்சிங் மாத்து', 'வாய்சிங்க விரி' என்றுதான். வாய்சிங் என்றே அச்சிடுங்கள்.

அதைவிட அவசரமானது ஒன்று. எண் கொடுத்தது சரி, சுர எழுத்தோடு ஸ்தாயி எண் போடாதீர்கள். இசை மென்பொருள்களில் 60ஐ ஏபிள்டன் சி3 என்று காட்டும், எஃப்எல் ஸ்டுடியோ சி5 என்று காட்டும். ஒரே வகுப்பில் இரண்டும் இருந்தால் பாதிப்பேரின் கூட்டு இரண்டு ஸ்தாயி கீழே விழுந்து குழம்பாகிவிடும். கீழ் ஸ்தாயியில் மூன்றாம் சுரத்தை அடிச்சுரத்தோடு நெருக்கி வைத்தால் எந்தச் சமன்படுத்தியாலும் (ஈக்யூ) காப்பாற்ற முடியாது. உங்கள் கூட்டுகளில் மிகக் கீழானது 52, ஏறத்தாழ 165 ஹெர்ட்ஸ். ஆகவே கூட்டுத் தடத்தில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே தைரியமாக வெட்டலாம், பேஸுக்கு இடம் கிடைக்கும்.

பினாங்கிலிருந்து:

சொல்லைச் சோதிக்க ஒரு வழி: அதிலிருந்து வினை பிறக்கிறதா? வாய்சிங் என்று வைத்தால் 'வாய்சிங் பண்ணு' என்பதோடு நின்றுவிடும். 'வை' என்ற வினையிலிருந்து சுரவைப்பு. நெருங்கிய வைப்பு, விரிந்த வைப்பு, அடியிலா வைப்பு, மாற்றி வை, இறக்கி வை. டிராப் 2 என்பதைக்கூட 'இரண்டிறக்கு வைப்பு' என்று சொல்லிவிடலாம்: 60, 64, 67, 71 என்ற சி மேஜர் 7இல் மேலிருந்து இரண்டாவதான 67ஐ ஒரு ஸ்தாயி இறக்கினால் 55, 60, 64, 71. சொல்லே செய்முறையைச் சொல்கிறது.

தைப்பிங்கிலிருந்து:

வைப்பு என்றால் வங்கி வைப்புத்தொகை நினைவுக்கு வரும். வேறு நினைவும் வரும், பதினேழு வயதுப் பையன்கள் உள்ள வகுப்பு. 'சுரவடுக்கு' எளிமையாக இல்லையா? 'தொடை' என்று யாப்பிலிருந்து எடுக்கவும் நினைத்தேன், அதே காரணத்தால் விட்டுவிட்டேன்.

கிள்ளானிலிருந்து:

அடுக்கு முடியாது. இரண்டு மூன்று சிந்தசைசரை (மின்னொலிக் கருவியை) ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதற்கு அடுக்கு என்று ஏற்கெனவே சொல்லிவிட்டோம். 'அடுக்கை மாற்று' என்றால் எதை மாற்றுவது?

ஈப்போவிலிருந்து:

சிலப்பதிகார வேனிற்காதையில் நரம்புகளின் உறவு நான்கு: இணை, கிளை, பகை, நட்பு. உரைகாரர் வழியில் நின்ற நரம்புக்கு ஐந்தாவது கிளை, நான்காவது நட்பு, மூன்றாவதும் ஆறாவதும் பகை. ஜாஸில் கூட்டின் முகத்தைக் காட்டுவதே மூன்றாவதும் ஏழாவதும் என்பார்கள். நம் இலக்கணம் பகை என்று ஒதுக்கிய மூன்றாவதைத்தான் அவர்கள் தலைமேல் வைக்கிறார்கள். கையேட்டில் இதற்கு ஒரு பத்தியாவது வேண்டும். இசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர் 1917இலேயே இந்த நரம்புக் கணக்கை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். சொல்லுக்கு வேர் நம்மிடம் இருக்கும்போது வங்கியிடம் ஏன் கடன் வாங்க வேண்டும்?

பினாங்கிலிருந்து:

ஐயா, அந்த நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் நரம்புகளைப் பற்றியவை. நாம் பேசுவது ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்கள். கூட்டொலியில் மூன்றாவதைப் பகை என்று படித்த மாணவர் அதை விட்டுவிட்டு அடியையும் ஐந்தாவதையும் மட்டும் வைப்பார். மேஜரா மைனரா என்றே தெரியாது. விடவேண்டுமென்றால் ஐந்தாவதைத்தான் முதலில் விடவேண்டும். அந்தப் பத்தி தனிக் கட்டுரையாக வரட்டும், நானே ஆவலோடு படிப்பேன்.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

உறவு பற்றிய பேச்சு ஒரு பிழையை நினைவூட்டுகிறது. டி மைனர் 9ஐ 60, 64, 65, 69 என்றும் வைக்கலாம். பியானோ ஒலியில் அழகு. அதையே ஏழு குரல் யூனிசன் (ஒரே சுரத்தின் சற்றே விலகிய ஏழு பிரதிகள்) போட்ட சா அலையில் வாசித்தால் சொரசொரக்கிறது. 64க்கும் 65க்கும் இடைவெளி 20 ஹெர்ட்ஸ்தான், யூனிசன் விலகல் அதை மேலும் கலக்குகிறது. யூனிசனை இரண்டாகக் குறைக்க வேண்டும், அல்லது 64ஐ ஒரு ஸ்தாயி இறக்க வேண்டும். 'மாற்றி வை' என்று சொல்ல முடிகிறபோது பாடம் ஓடுகிறது. சுரவைப்புக்குச் சாய்கிறேன்.

கிள்ளானிலிருந்து:

அப்படியானால் ஒரு எச்சரிக்கையும் சேருங்கள். ஒரு விசைக்கே முழுக் கூட்டையும் ஒலிக்கும் கோர்ட் கருவியில் ஒரு விரலால் வாசித்தால் வைப்பு மாறாது, வடிவம் அப்படியே மேலும் கீழும் நகரும். 1981இல் வந்த கோர்க் பாலிசிக்ஸ் சிந்தசைசரில் இதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. டெக்னோவில் சட்டென்று வெட்டி ஒலிக்கும் கூட்டுக்கு அந்த ஒலிதான் வேண்டும். ஆனால் டி, ஜி, சி ஒழுக்கு அதில் கிடைக்காது, டி மைனர் 9இன் வடிவமே ஜி மைனர் 9ஆகப் போய் நிற்கும். நான்கு சுரத்தையும் கையால் வரையச் சொல்லுங்கள். மேல் சுரத்தின் அழுத்தம் (வெலாசிட்டி) மற்றவற்றைவிடப் பத்துப் பதினைந்து கூடுதல், தொடக்கங்களுக்கிடையே 10 மில்லிவினாடி தள்ளல். நிமிடத்துக்கு 120 துடிப்பு வேகத்தில் பதினாறில் ஒரு பங்குச் சுரம் 125 மில்லிவினாடி, ஆகவே தாளம் கெடாது.

சொல் உங்கள் விருப்பம். அடைப்புக்குறியில் வாய்சிங் என்று ஒருமுறை போட்டுவிடுங்கள்.

தைப்பிங்கிலிருந்து:

சுரவைப்பு. வேறு வழியில்லை, வியாழன் நாளைக்கு.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

சுரவைப்பு என்று போகிறது, முதல் இடத்தில் வாய்சிங் அடைப்புக்குறியில். எதிர்ப்பு இருந்தால் இன்றிரவுக்குள்.

ஈப்போவிலிருந்து:

என் எதிர்ப்பைப் பதிவுசெய்க. நரம்பணியை விட்டுக்கொடுத்தாலும் 'அடியிலா வைப்பு' ஏற்க முடியாது. அடி இல்லாமல் இல்லை, பேஸில் இருக்கிறது. இல்லை என்று படித்த மாணவர் பேஸையும் நிறுத்திவிட்டால் டி மைனர் 9 என்று நீங்கள் தந்த நான்கும் எஃப் மேஜர் 7ஆகத்தான் கேட்கும். 'அடிநீங்கிய வைப்பு' என்றாவது திருத்துங்கள்.